மினுக்கி மினுக்கிப் போகும் ராக்கெட் கூடு: விண்வெளிக் குப்பை பற்றி ஏற்காட்டில் கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். நிலா இல்லாத சனிக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஏற்காடு போவோம். லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலம் முழுக்க விளக்கு. பார்க்க அழகுதான், ஆனால் வானம் வெளிறிப்போகும். அதனால் நாகலூர் பக்கம், தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்துக் களத்தில் தொலைநோக்கியை நிறுத்துவோம். முன்பெல்லாம் சனிக்கோளின் வளையத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். இப்போது பாதிக் கேள்வி விண்வெளிக் குப்பையைப் பற்றி, அதாவது செத்த செயற்கைக்கோள், காலி ராக்கெட் கூடு, அவற்றின் உடைசல். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டியதால் எழுதி வைத்துவிட்டேன்.

சார், ஒன்று மினுக்கி மினுக்கிப் போகிறதே, அது விமானம்தானே?

விமானம் என்றால் சிவப்பு, பச்சை விளக்கு தெரியும். செயற்கைக்கோள் வெள்ளைப் புள்ளியாக, சத்தமே இல்லாமல், ஒரே சீராக நகரும். அதற்கென்று விளக்கு கிடையாது. நமக்கு இருட்டிவிட்டாலும் அவ்வளவு உயரத்தில் இன்னும் வெயில் இருக்கிறது. அந்த வெயில் பட்டுத் தெறிப்பதைத்தான் பார்க்கிறோம். பொழுது சாய்ந்த பின் ஒன்றிரண்டு மணி நேரமும், விடிவதற்கு முன் அதே அளவும் நன்றாகத் தெரிவது அதனால்தான்.

சில புள்ளிகள் மட்டும் சில வினாடிக்கு ஒருமுறை பளிச்சிட்டு, மங்கி, மறுபடி பளிச்சிடும். பெரும்பாலும் அது ஒரு ராக்கெட்டின் கடைசிக்கட்டம். செயற்கைக்கோளைக் கொண்டுபோய் விட்டபின் அதே பாதையில் காலிக் கூடாக உருண்டுகொண்டிருக்கும். பக்கவாட்டு நம் பக்கம் திரும்பினால் பளிச், முனை திரும்பினால் மங்கல். இந்த உருளலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல பதில்கள் இதில்தான் வந்து நிற்கும்.

மேலே எவ்வளவு குப்பை இருக்கிறது?

ஐரோப்பிய விண்வெளி முகமையின் கணிப்புப்படி, 1 செ.மீ.க்கு மேற்பட்ட துண்டுகளே 10 லட்சத்துக்கும் அதிகம். ரேடார் வைத்துத் தொடர்ந்து கண்காணிக்க முடிவது, பெரிய அளவிலான சில பத்தாயிரங்களை மட்டும். மீதியெல்லாம் இருக்கிறது என்று தெரியும், இந்த நிமிடம் எங்கே என்று தெரியாது.

'1 செ.மீ. துண்டு என்ன செய்துவிடும்?' என்று அடுத்து கேட்பீர்கள். தாழ்வான பாதையில் சுற்றுபவை வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. இரண்டு பாதைகள் குறுக்கே வெட்டும்போது மோதல் வேகம் சாதாரணமாக வினாடிக்கு 10 கி.மீ. வரும். அந்த வேகத்தில் 1 கிராம் எடையுள்ள துண்டிடம் உள்ள ஆற்றல் 50,000 ஜூல். ஒரு டன் எடையுள்ள கார் 36 கி.மீ. வேகத்தில் சுவரில் இடிப்பதும் அதே 50,000 ஜூல்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்தாம் வகுப்பு சூத்திரம் போதும்.

விண்வெளிதான் அவ்வளவு பெரிசாச்சே, ஏன் மோத வேண்டும்?

பெரிசுதான். ஆனால் எல்லோரும் ஒரே சில தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள். பூமியைப் படம் எடுக்கும் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை 500 முதல் 900 கி.மீ. உயரத்துக்குள், துருவங்களைத் தொட்டுப் போகும் பாதைகளில். அந்தப் பாதைகள் எல்லாம் துருவத்தருகே ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்கின்றன.

2009 பிப்ரவரி 10 அன்று, சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கி.மீ. உயரத்தில், வேலை செய்துகொண்டிருந்த இரிடியம் 33 என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளும், செத்துப்போன காஸ்மோஸ் 2251 என்ற ரஷ்யச் செயற்கைக்கோளும் குறுக்காக மோதின. கண்காணிக்கக்கூடிய அளவிலேயே 2,000 துண்டுகளுக்கு மேல் வந்தன. ஒரு மோதலின் துண்டுகள் அடுத்த மோதலை உண்டாக்கும், அது அதற்கடுத்ததை என்று டொனால்ட் கெஸ்லரும் பர்ட்டன் கூர்-பாலேயும் 1978-லேயே எழுதிவிட்டார்கள்.

ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு இருந்தும் வண்டி ஓடுகிறதென்றால், ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடணும் என்று ஒரு ஒழுங்கு இருப்பதால்தான். மேலே அப்படி எல்லா நாடும் கட்டுப்பட்ட விதி இன்றுவரை இல்லை. இரண்டு செயற்கைக்கோள்கள் நெருங்கினால் யார் விலகுவது என்று மின்னஞ்சல் அனுப்பிப் பேசி முடிக்கிறார்கள். இரண்டுமே செத்தவை என்றால் பேசவும் ஆளில்லை.

காத்திருந்தால் தானாக விழுந்துவிடாதா?

உயரத்தைப் பொறுத்தது. 400 கி.மீ.யில் மெல்லிய காற்று கொஞ்சம் இருக்கிறது. உந்தித் தள்ளாவிட்டால் ஓரிரு வருடத்தில் கீழே வந்துவிடும். 800 கி.மீ. என்றால் நூற்றாண்டுக் கணக்கு. 1,000 கி.மீ.க்கு மேல் ஆயிரம் வருடம், அதற்கும் அதிகம். 1958-இல் அமெரிக்கா அனுப்பிய வான்கார்டு 1 இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஒரு வண்டியை அனுப்பி எல்லாவற்றையும் அள்ளி வர முடியாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. கொஞ்சம் உட்கார்ந்து பேசவேண்டியது.

முதலில் 'எல்லாவற்றையும்' என்பதை மறந்துவிடுங்கள். விண்ணில் பாதையின் சாய்மானத்தை மாற்றுவதுதான் மிகப் பெரிய செலவு. வெறும் 10 டிகிரி திருப்ப வினாடிக்கு சுமார் 1.3 கி.மீ. வேகமாற்றம் வேண்டும், ஒரு சிறிய கலத்தின் எரிபொருளில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். நகராட்சிக் குப்பை வண்டி அஸ்தம்பட்டியில் எடுத்துவிட்டு அப்படியே ஐந்து ரோடு போவதுபோல இங்கே முடியாது. ஒரு பயணத்துக்கு ஒன்று, அல்லது ஒரே பாதையில் இருக்கும் இரண்டு மூன்று. அவ்வளவுதான்.

அடுத்தது, பிடிப்பது. பிடித்துக்கொள்ள அதில் கைப்பிடி கிடையாது. 1980-இல் ராக்கெட் செய்தவர்கள், பிற்பாடு ஒருவன் வந்து இதைப் பிடிப்பான் என்று நினைத்தா செய்தார்கள்? போதாததற்கு அது உருண்டுகொண்டிருக்கிறது. நீங்களும் அதே கதியில் உருண்டால்தான் அதன் ஓரிடம் உங்களுக்கு நிலையாக நிற்கும்.

இதுவரை செய்து பார்த்தவை கொஞ்சம்தான். ரிமூவ்-டெப்ரி என்ற ஐரோப்பியச் சோதனையில் 2018-இல் வலை வீசினார்கள், 2019 பிப்ரவரியில் ஈட்டி எறிந்தார்கள், இரண்டும் பலித்தன. ஆனால் வலையில் விழுந்தது அவர்களே வெளியே விட்ட சிறு பெட்டி. ஈட்டி குத்தியது அவர்களே ஒரு கம்பின் முனையில் நீட்டிப் பிடித்த தகடு. கடைசியில், மெல்லிய காற்றில் இழுபட்டுக் கலத்தைக் கீழே இறக்குவதற்காக விரிய வேண்டிய பாய் விரியவில்லை. ஜப்பானின் ஆஸ்ட்ரோஸ்கேல் நிறுவனம் 2021-இல் காந்தத்தால் பிடித்துக் காட்டியது, அதுவும் தன்னோடு கொண்டுபோன பொருளை. பிறகு உந்துபொறிகள் சில பழுதாகி மீதிச் சோதனை அரைகுறையாக நின்றது.

நிஜக் குப்பையை நெருங்கியது என்றால் அதே நிறுவனத்தின் அட்ராஸ்-ஜே. 2024 பிப்ரவரியில் கிளம்பி, 2009-இல் ஜப்பான் விட்டுவைத்த 11 மீட்டர் நீளம், சுமார் 3 டன் எடையுள்ள ராக்கெட் கூட்டுக்கு 15 மீட்டர் வரை போய்ப் படம் எடுத்தது. தொடவில்லை. தொடுவது அடுத்த கலத்தின் வேலை. நல்ல வேளையாக அந்தக் கூடு அவ்வளவாக உருளாமல் இருந்தது.

கடைசியில், ஒரு செத்த கோளை உண்மையிலேயே பிடித்து இழுத்துப் போனது சீனா. ஷிஜியான்-21 என்ற கலம் 2022 ஜனவரியில் பெய்டூ என்ற சீன வழிகாட்டிக் கோள்களில் பழுதான ஒன்றை, பூமியின் ஒரே இடத்துக்கு மேல் நிற்பதுபோல் சுற்றும் புவிநிலைப் பாதையிலிருந்து இழுத்து, மேலே ஒதுக்குப்புறமான பாதையில் விட்டுவிட்டு வந்தது. திறமையை மெச்சத்தான் வேண்டும். அதே நேரம் பல தலைநகரங்களில் அன்று தூக்கம் போயிருக்கும். ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

பிடிக்கப் போய் உடைந்துவிட்டால்?

இதைக் கேட்டது இரும்பாலையில் கிரேன் ஓட்டிய ஒருவர். பொறியியல் மாணவர்கள்கூட இதைக் கேட்டதில்லை. பளு தூக்கிப் பழகியவருக்குத்தான் முதலில் தோன்றும்.

மலைப்பாதையில் பழுதாகி நின்ற லாரியை ரெக்கவரி வண்டி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கட்டை வைத்து, சங்கிலி போட்டு, இழுவை தெரிந்தபின்தான் கட்டையை எடுப்பார்கள். அவசரப்பட்டால் லாரியோடு ரெக்கவரி வண்டியும் பள்ளத்தில். அட்ராஸ்-ஜே சுமார் 150 கிலோ. அதன் எதிரில் நின்றது 3 டன். கை பட்ட வேகத்தில் தப்பு நடந்தால் தள்ளப்படுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய கூட்டுக்குள் என்ன மிச்சம் என்பது இன்னொரு பயம். டாங்கில் எரிபொருள் தங்கியிருக்கலாம், மின்கலத்தில் அழுத்தம் இருக்கலாம். நம் அனுபவமே இருக்கிறது: 2001-இல் பறந்த பி.எஸ்.எல்.வி.-சி3 ராக்கெட்டின் கடைசிக்கட்டம், வேலை முடிந்து இரண்டு மாதத்தில் தானாகவே வெடித்து நூற்றுக்கணக்கான துண்டுகளானது. யாரும் தொடாமலே அப்படி. அதற்குப் பிறகுதான், வேலை முடிந்ததும் டாங்கைக் காலி செய்வது நம் ராக்கெட்டுகளில் வழக்கமானது. வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டுப் பல வருடமாக நொறுங்கிப்போன மேலுறையை ஈட்டியால் குத்தினால் செதில் செதிலாகத் தெறிக்கும். குப்பை பொறுக்கப் போய்க் குப்பை போட்டுவிட்டு வந்த கதை.

ஐரோப்பியர்களின் கிளியர்ஸ்பேஸ்-1 திட்டத்துக்கு நடந்ததைக் கேளுங்கள். 2013-இல் விடப்பட்ட வெஸ்பா என்ற கூம்பு வடிவ ராக்கெட் பாகத்தைப் பிடிப்பதாகத் திட்டம். 112 கிலோ, எளிய வடிவம் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் பார்த்தால், அதன் பக்கத்திலேயே புதுத் துண்டுகள் சுற்றுகின்றன. வேறு ஏதோ குப்பை அதில் மோதியிருக்க வேண்டும். 2024-இல் இலக்கையே மாற்றி, தங்களுடைய பழைய புரோபா-1 கோளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பிடித்துக் கீழே இழுத்து வந்தாலும் பாதி வேலைதான். சிறியது எரிந்துபோகும். பல டன் எடை உள்ளதை எங்காவது விழட்டும் என்று விட முடியாது. பசிபிக் கடலில் ஆளில்லாத இடமாகப் பார்த்து இறக்க வேண்டும். அதற்குக் கடைசி உந்துதல் பலமாக, சரியான நிமிடத்தில் கொடுக்கணும். இடையில் எரிபொருள் தீர்ந்தால், நூறு வருடம் கழித்து விழவேண்டியதை அடுத்த மாதம் யார் தலையிலாவது விழ வைத்தவர்கள் ஆவோம்.

அதே கையால் மற்ற நாட்டுக் கோளையும் பிடுங்கலாம் இல்லையா?

பிடுங்கலாம். செத்த கோளைப் பிடிக்கும் கைக்கு உயிருள்ள கோளின் ஆன்டெனாவை ஒடிக்கவும் தெரியும். ஷிஜியான்-21 பலரைக் கலக்கியது அதனால்தான். வெளியிலிருந்து பார்த்து, இது துப்புரவு வண்டியா ஆயுதமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. நோக்கத்தை முன்கூட்டியே அறிவிப்பதும், எங்கே போகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்வதும்தான் இப்போதைக்கு இருக்கும் மருந்து. எனக்கு இது இயந்திரக் கோளாறைவிடப் பெரிய அபாயமாகப் படுகிறது, இயந்திரத்தைத் திருத்திவிடலாம்.

சட்டத்திலும் சிக்கல் உண்டு. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி, ஒரு நாடு அனுப்பிய பொருள் செத்தாலும் உடைந்தாலும் அந்த நாட்டுக்கே சொந்தம். கடலில் கைவிட்ட கப்பலை எடுப்பதுபோல இதை எடுக்க முடியாது. ரஷ்யாவின் குப்பையை ரஷ்யா சம்மதிக்காமல் யாரும் தொடக்கூடாது.

சுட்டுத் தள்ளிவிட்டால்?

ஐயோ, வேண்டாம். 2007-இல் சீனா தன் பழைய வானிலைக் கோளை 865 கி.மீ. உயரத்தில் ஏவுகணையால் அடித்தது. கண்காணிக்கும் அளவிலேயே 3,000 துண்டுகளுக்கு மேல். 2021 நவம்பரில் ரஷ்யா காஸ்மோஸ் 1408-ஐ அடித்தபோது, சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் ஓடிப்போய்த் தங்கள் கலங்களுக்குள் அடைந்துகொண்டார்கள். அவர்களில் ரஷ்யர்களும் உண்டு!

நாமும் 2019 மார்ச் 27 அன்று, மிஷன் சக்தி என்ற பெயரில், நம்முடைய கோள் ஒன்றையே அடித்தோம். சுமார் 300 கி.மீ. என்ற தாழ்வான உயரம் என்பதால் பெரும்பாலான துண்டுகள் சீக்கிரம் விழுந்தன. ஆனால் அடித்த வேகத்தில் சில துண்டுகள் அதைவிட வெகு உயரத்துக்குப் போயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நம் நாடு என்பதற்காக மறைத்தால் நான் எடுத்த பாடத்துக்கு அர்த்தமில்லை.

இந்தியா துப்புரவுக்கு என்ன செய்கிறது?

எனக்குப் பிடித்த பகுதி இது. மேகா-டிராபிக்ஸ்-1 என்று ஒரு கோள்; இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து மழை மேகங்களை ஆராய 2011-இல் அனுப்பியது. உயரம் 867 கி.மீ.; நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 20, தெற்கே 20 டிகிரிக்குள்ளேயே சுற்றியது. சேலம் 11.7 டிகிரியில் இருக்கிறது, ஆக நம் தலைக்கு மேலே பலமுறை போய்வந்த பிள்ளை. விட்டுவைத்தால் நூறு வருடத்துக்கு மேல் சுற்றியிருக்கும். டாங்கில் எரிபொருள் மிச்சம் இருப்பதைப் பார்த்த இஸ்ரோ, 2022 ஆகஸ்டிலிருந்து படிப்படியாக உயரத்தைக் குறைத்து, 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடலின் மேல் கொண்டுபோய் எரித்தது. இத்தனைக்கும் அது இப்படி இறக்குவதற்காக வடிவமைக்கப்பட்டதே இல்லை. இருபது வளைவையும் பிரேக் மங்கிய வண்டியில் மெதுவாக இறக்கிக் கொண்டுவந்த ஓட்டுநருக்குச் சமம்.

அப்புறம், 2007-இல் அனுப்பிய கார்ட்டோசாட்-2-ஐ முன்கூட்டியே தாழ்த்தி வைத்தார்கள்; 2024 பிப்ரவரி 14-இல் அது இந்தியப் பெருங்கடலின் மேல் தானாக விழுந்தது. 2024 ஜனவரி 1 அன்று பறந்த பி.எஸ்.எல்.வி.-சி58-இன் கடைசிக்கட்டத்தைக் காலிக் கூடாக விடாமல், 350 கி.மீ.க்கு இறக்கி, அதிலேயே சோதனைக் கருவிகளை ஓட்டினார்கள். மார்ச்சில் அது எரிந்து முடிந்தது. 2030-க்குள் நம் எந்தப் பயணமும் குப்பை மிச்சம் வைக்கக்கூடாது என்பது அறிவித்த இலக்கு.

கவனித்தீர்களா, இதில் எதற்கும் வலையோ ஈட்டியோ தேவைப்படவில்லை. உயிரோடிருக்கும்போதே, கொஞ்சம் எரிபொருளை ஒதுக்கி, தன் காலில் தானே இறங்கிவர வைத்தார்கள். செத்தபின் தூக்கப் போவதோடு ஒப்பிட்டால் செலவும் ஆபத்தும் கால்வாசி கூட வராது என்பது என் எண்ணம். மேலே ஏற்கெனவே செத்துக் கிடப்பவைக்குத்தான் ரெக்கவரி வண்டி.

செலவை யார் கொடுப்பது?

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் கூட்டிய குப்பையைக்கூடக் காசு கொடுத்து வாங்க ஆள் உண்டு, அதில் வெள்ளித் தூள் இருக்கும். விண்வெளிக் குப்பைக்கு அப்படி வாங்குகிறவர் கிடையாது. கிளியர்ஸ்பேஸ்-1-க்கு ஐரோப்பிய முகமை போட்ட ஒப்பந்தம் 8.6 கோடி யூரோ, அதுவும் ஒரே ஒரு பொருளுக்கு. மறுபக்கம், பழைய கோளைச் சொன்ன உயரத்துக்கு ஏற்றாமல் விட்டதற்காக 2023-இல் டிஷ் என்ற நிறுவனத்துக்கு அமெரிக்க அரசு போட்ட அபராதம் 1.5 லட்சம் டாலர். வியாபாரம் தெரிந்தவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

நம் ஊரில் விழுந்தால் என்ன செய்வது?

வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் நடக்காததல்ல: 2022 ஏப்ரலில் மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்து கிராமங்களில் பெரிய உலோக வளையமும் உருண்டையும் விழுந்தன, சீன ராக்கெட்டின் பாகங்கள் என்று கணிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு வீட்டுக் கூரையைப் பொத்துக்கொண்டு வந்தது, விண்வெளி நிலையத்திலிருந்து கழற்றிவிட்ட மின்கலத் தொகுதியின் 700 கிராம் துண்டு.

காட்டிலோ தோட்டத்திலோ கருகிய உருண்டை, டாங்க் மாதிரி எதையாவது பார்த்தால் தொடாதீர்கள். உள்ளே ஹைட்ரசீன் என்ற நஞ்சு எரிபொருள் ஒட்டியிருக்கலாம். தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டு, போலீசுக்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ சொல்லுங்கள். பழைய இரும்புக்குப் போடலாமா என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். போடக்கூடாது, அது அனுப்பிய நாட்டின் சொத்து. அதனால் சேதம் வந்தால் நஷ்டஈடும் அந்த நாடுதான் தரவேண்டும், 1972 ஒப்பந்தம் அப்படித்தான் சொல்கிறது. வெள்ளை தெர்மாகோல் பெட்டி கிடைத்தால் பயப்பட வேண்டாம், வானிலை பலூனில் கட்டியதாக இருக்கும்.

எரிந்துபோனால் ஒழிந்தது, இல்லையா?

முழுக்க இல்லை. செயற்கைக்கோளில் பெரும்பங்கு அலுமினியம். எரிந்தால் அலுமினியம் ஆக்சைடு தூளாக மேல் வளிமண்டலத்தில் தங்குகிறது. அடுக்கு மண்டலத்துத் துகள்களில் சுமார் பத்தில் ஒரு பங்கில் இப்படி எரிந்துவந்த உலோகங்கள் இருப்பதாக 2023-இல் ஓர் ஆய்வு வந்தது. ஓசோன் படலத்தை அது எவ்வளவு தொடும் என்று இப்போதுதான் ஆராய்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கோள்களை அனுப்பி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எரிக்கும் காலத்தில் இது அலட்சியப்படுத்தும் விஷயமில்லை.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டால், அப்புறம் மினுக்குறது பார்க்கக் கிடைக்காதே தாத்தா?

கேட்டது மூன்றாம் வகுப்புப் பெண். கண்ணு, நீ அன்றைக்குப் பார்த்தது ஜெனித் என்ற ராக்கெட்டின் கடைசிக்கட்டமாக இருக்கலாம். சோவியத் காலத்தில் தொடங்கி விட்டுவைத்தது, ஒவ்வொன்றும் சுமார் 9 டன். 840 கி.மீ. பக்கத்தில் ஒரு கூட்டமே உருண்டுகொண்டிருக்கிறது. எதை முதலில் எடுக்க வேண்டும் என்று பல நாட்டு வல்லுநர்கள் 2020-இல் பட்டியல் போட்டபோது முதல் இருபது இடமும் இவற்றுக்குத்தான். இதுவரை ஒன்றைக்கூட யாரும் நெருங்கவில்லை. நீ பெரியவளாகி, உன் பேத்தியை இதே களத்துக்குக் கூட்டிவந்து காட்டும்வரைக்கும் தாராளமாக இருக்கும். ஸ்வெட்டர் மட்டும் மறக்காதே.